மலக்குடலின் இரண்டு சிசி

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து முடித்ததும், "இனி உள்ளே கரண்ட் வைக்கணும்" என்பார்கள். கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கமிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வரும் குடும்பங்கள் அப்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வலிக்குமா? மயக்க ஊசி உண்டா? வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா? யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு: பக்கத்திலிருக்கும் மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் எவ்வளவு கதிர் போகும்? மாதங்கள், வருடங்கள் கழித்து வரக்கூடிய ரத்தப்போக்கு, மூத்திரக் கடுப்பு, அரிதாக விழும் துளை ஆகியவை இந்தக் கேள்வியின் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கின்றன. நோயாளியின் வீட்டாருக்காகவும், இந்தத் துறைக்குப் புதிதாக வரும் நர்ஸ், டெக்னாலஜிஸ்ட் தம்பி தங்கைகளுக்காகவும் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

கரண்ட் என்று சொன்னாலும் இதில் மின்சாரம் கிடையாது. இரிடியம்-192 என்ற கதிரியக்க உலோகத் துணுக்கு ஒன்று மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். தடிமன் 1 மில்லிமீட்டர் அளவு, நீளம் 4 மில்லிமீட்டர் போல, அரிசிமணியைவிட மெலிந்தது. சோர்ஸ் என்போம். கனமான கவசப் பெட்டிக்குள் இருக்கும் அது, கணினி சொல்லும்போது மட்டும் குழாய் வழியே வெளியே வந்து, குறித்த இடங்களில் குறித்த நொடிகள் நின்றுவிட்டுப் பெட்டிக்குத் திரும்பிவிடும். அது திரும்பிய பிறகு நோயாளியின் உடம்பில் கதிர்வீச்சு எதுவும் மிச்சமில்லை. பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம்.

சோர்ஸ் போய்வரும் பாதைக்கு மூன்று குழாய்கள். கருப்பைக்குள் நுழையும் டேண்டம் ஒன்று. கர்ப்பப்பை வாயின் இரண்டு பக்கத்திலும், யோனியின் மேல்மூலைகளில் உட்காரும் ஓவாய்டு இரண்டு. சில இடங்களில் ஓவாய்டுக்குப் பதிலாக ரிங் என்ற வளையம் வைப்பார்கள்.

இந்தச் சிகிச்சையின் பலமும் ஆபத்தும் ஒரே விதியில் அடங்கியிருக்கின்றன. சோர்ஸிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் டோஸ் நாலில் ஒன்றாகும். தூரம் பாதியானால் நாலு மடங்காகும். அதனால்தான் கட்டிக்கு மிக அதிக டோஸ் கொடுத்தும் சற்றுத் தள்ளியிருக்கும் உறுப்புகள் தப்பிக்கின்றன. ஆனால் மலக்குடல் "சற்றுத் தள்ளி" இல்லை. யோனியின் பின்சுவரை ஒட்டியே அதன் முன்சுவர் படுத்திருக்கிறது. சிறுநீர்ப்பை முன்பக்கம் அதேபோல ஒட்டியிருக்கிறது. இங்கே பேச்செல்லாம் மில்லிமீட்டர் கணக்குதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 செ.மீ. விட்டமுள்ள ஓவாய்டின் நடுவில் சோர்ஸ் நிற்கிறது. ஓவாய்டின் மேற்பரப்புக்கு 10 மி.மீ. தூரம். யோனியின் பின்சுவரிலிருந்து 5 மி.மீ. பின்னால் மலக்குடல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 மி.மீ. இடையில் 1 செ.மீ. கனத்துக்குத் துணி அடைத்தால் 25 மி.மீ. அந்த ஓவாய்டிலிருந்து மலக்குடலுக்குப் போகும் டோஸ் 36 சதவீதமாக இறங்கிவிடும். மூன்றில் இரண்டு பங்கு போயே போய்விட்டது! மாறாக, ஏதோ காரணத்தால் மலக்குடல் 3 மி.மீ. முன்னால் நெருங்கி 15 என்பது 12 ஆனால், டோஸ் ஒன்றரை மடங்குக்கும் மேல். டேண்டமிலிருந்து வரும் பங்கும் சேர்வதால் நிஜத்தில் எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

எனவே என் கருத்து இது: ஆரோக்கியமான உறுப்புகளுக்குப் போகும் டோஸ் கம்ப்யூட்டர் முன்னால் தீர்மானமாவதில்லை. முக்கால்வாசி, ஆபரேஷன் டேபிளில் துணி அடைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. பிளானிங் மென்பொருள் எவ்வளவு புதியதாக இருந்தாலும், ஒட்டிக் கிடக்கும் மலக்குடலை அதனால் தள்ளிவைக்க முடியாது. நொடிகளைக் கூட்டிக் குறைக்கத்தான் முடியும். குறைத்தால் கட்டிக்கும் குறையும்.

அந்தத் துணி அடைப்பதை, அதாவது பேக்கிங்கை, கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நீளமான ரிப்பன் காஸ். அதை சலைனிலோ பெட்டாடினிலோ நனைத்து, கொஞ்சம் கான்ட்ராஸ்ட் மருந்து கலந்து, நன்றாகப் பிழிந்து எடுக்க வேண்டும். உலர்ந்த துணி உள்ளே போகும்போது தோலை உரசும், எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் மயக்கம் தெளிவதற்குள் தளர்ந்து கீழே இறங்கிவிடும். கான்ட்ராஸ்ட் கலப்பது படத்தில் துணி எங்கே நிற்கிறது என்று தெரிவதற்காக. முதலில் பின்பக்கம்: ஓவாய்டுக்கும் மலக்குடலுக்கும் நடுவே, விரலாலும் நீண்ட ஃபோர்செப்ஸாலும் மடிப்பு மடிப்பாக வைத்து அமர்த்த வேண்டும். அது நிரம்பிய பிறகு முன்பக்கம், சிறுநீர்ப்பையின் அடிப்பகுதிக்காக. கடைசியில் கீழே, கருவி நழுவாமல் தாங்குவதற்காக.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. துணி ஓவாய்டுக்கு மேலே ஏறிவிடுவது. அப்போது ஓவாய்டு கர்ப்பப்பை வாயை விட்டுக் கீழே தள்ளப்படும். கட்டிக்கு டோஸ் குறையும், யோனியின் நடுப்பகுதிக்கும் மலக்குடலுக்கும் ஏறும். இரட்டை நஷ்டம். பக்கவாட்டுப் படத்தில் ஓவாய்டு கர்ப்பப்பை வாயைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா, டேண்டம் இரண்டு ஓவாய்டுக்கும் நடுவே போகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். தெரிந்தால் துணியை எடுத்துவிட்டு மறுபடி அடைக்கத்தான் வேண்டும். "பிளானில் பார்த்துக்கலாம்" என்று விடக்கூடாது.

எத்தனை துணி வைத்தோம் என்று கேஸ் ஷீட்டில் எழுதி, ஒவ்வொன்றின் வாலையும் வெளியே விட வேண்டும். எடுக்கும்போது எண்ணி எடுக்க வேண்டும். ஒன்று உள்ளே தங்கிவிட்டால் சில நாளில் துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதலும் காய்ச்சலும் வரும். அதைக் கட்டியின் கழிவு என்று நினைத்து வீட்டில் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

துணியைப் போலவே ஓவாய்டின் அளவும் முக்கியம். 2, 2.5, 3 செ.மீ. என்று வரும். சிரமமில்லாமல் உட்காரக்கூடியதில் பெரியதைப் போட வேண்டும் என்பது பழைய பாடம். 3 செ.மீ. ஓவாய்டில் சோர்ஸுக்கும் யோனித் தோலுக்கும் 15 மி.மீ.; 2 செ.மீ. ஓவாய்டில் 10 தான். தோலுக்குப் போகும் டோஸ் பாதிக்கும் கீழே இறங்குகிறது. ஆனால் வயதானவர்களுக்கும், ஐந்து வாரக் கரண்டில் யோனி சுருங்கியவர்களுக்கும் பெரியது ஏறாது. இடமே இல்லாதவர்களுக்கு ரெக்டல் ரிட்ராக்டர் என்ற தகடு மலக்குடல் சுவரைப் பின்னால் தள்ளிப் பிடிக்கும். துணிக்கு இணையாக வேலை செய்யும், வைப்பதும் சீக்கிரம். முன்பக்கத்துக்கு எப்படியும் துணி வேண்டும்.

இப்போது தலைப்பில் உள்ள இரண்டு சிசிக்கு வருகிறேன். முன்பெல்லாம் இரண்டு எக்ஸ்-ரே படம் எடுத்து, அதில் புள்ளிகளைக் குறித்து டோஸ் பார்த்தோம். 1938-இல் மான்செஸ்டரிலிருந்து வந்த "பாயின்ட் ஏ" கட்டிக்கு. 1985-இல் ஐசிஆர்யூ என்ற பன்னாட்டுக் கதிர்வீச்சு அளவீட்டுக் குழுவின் 38-ஆம் அறிக்கை சொன்ன இரண்டு புள்ளிகள் உறுப்புகளுக்கு: மலக்குடலுக்கு யோனியின் பின்சுவரிலிருந்து 5 மி.மீ. பின்னால் ஒன்று, சிறுநீர்ப்பைக்கு, மூத்திரம் வடிக்கப் போடும் ஃபோலி குழாயின் பலூனில் 7 சிசி கான்ட்ராஸ்ட் நீர் நிரப்பி அதன் பின்விளிம்பில் ஒன்று. மலக்குடல் புள்ளி ஓரளவு உண்மையைச் சொன்னது. சிறுநீர்ப்பைப் புள்ளி பல பேருக்குக் குறைத்தே காட்டியது. ஏனென்றால் சிறுநீர்ப்பையில் அதிக டோஸ் விழும் இடம் பெரும்பாலும் பலூனுக்கு மேலே, டேண்டம் நெருங்கும் இடத்தில் இருக்கும். சிடி, எம்ஆர்ஐ வந்த பிறகு உறுப்பை முழுதாக வரைந்து, அதிலேயே அதிகமாகக் கதிர் பட்ட 2 சிசி பகுதி குறைந்தபட்சம் எவ்வளவு வாங்கியது என்று பார்க்கிறோம். அதுதான் டி2சிசி. 2 சிசி என்பது ஒரு டீஸ்பூனில் பாதிகூட இல்லை. ஆனால் புண்ணும் துளையும் தொடங்குவது அப்படிப்பட்ட சின்ன இடத்தில்தான். முழு மலக்குடலின் சராசரியைப் பார்த்து நிம்மதியடைவதில் அர்த்தமில்லை.

கணக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டோஸை அளக்கும் அலகு கிரே. வெளிக் கரண்ட் ஒரு நாளைக்கு 1.8 கிரே வீதம் 25 நாளில் 45 கிரே. உள்ளே வைப்பது ஒரே தடவையில் 7 கிரே, அப்படி நாலு தடவை. இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது; ஒரே வேளையில் விழும் பெரிய டோஸ் ஆரோக்கியமான திசுவை அதிகம் காயப்படுத்தும். அதனால் எல்லாவற்றையும் தினம் 2 கிரே வைத்தால் எவ்வளவுக்குச் சமம் என்று மாற்றிக் கூட்டுகிறோம். ஈக்யூடி2 என்று பெயர். உறுப்புகளுக்குச் சூத்திரம் எளிது: ஒரு தடவை டோஸை, அதோடு 3 கூட்டிய எண்ணால் பெருக்கி, 5-ஆல் வகுத்தால் போதும். 4 கிரே விழுந்தால் 5.6. 6 கிரே விழுந்தால் 10.8. பாருங்கள், விழுந்தது ஒன்றரை மடங்கு. பாதிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கட்டிக்கு 3-க்குப் பதில் 10 கூட்டி, 12-ஆல் வகுக்க வேண்டும்.

வரம்புகள் இவை. மலக்குடல் 65 கிரேக்குள் இருக்க முயல வேண்டும், 75-ஐத் தாண்டவே கூடாது. சிறுநீர்ப்பை 80-க்குள், மிஞ்சிப்போனால் 90. மலக்குடலுக்குச் சற்று மேலே வளைந்து கிடக்கும் சிக்மாய்டு குடலும் சிறுகுடலும் 70-க்குள், மிஞ்சிப்போனால் 75. கட்டிக்கு 85-க்குக் குறையாமல், முடிந்தால் 90-க்கு மேல். எம்ப்ரேஸ் என்ற பன்னாட்டு ஆய்வில் மலக்குடல் 65-க்குக் கீழே இருந்தவர்களுக்குத் தொந்தரவு குறைவாகவும் லேசாகவும் இருந்தது. 75-ஐத் தாண்டியபோது துளை விழும் ஆபத்து ஏறியது.

இந்த வரம்பில் பெரும்பகுதியை வெளிக் கரண்டே எடுத்துக்கொள்கிறது. 45 கிரேயை மாற்றினால் உறுப்புகளுக்கு 43.2. ஆக மலக்குடலுக்கு 65-இல் மிச்சம் 21.8 மட்டும். நாலு தடவைக்குப் பங்கு போட்டால் தடவைக்கு 3.9 கிரே. சிறுநீர்ப்பைக்கு 80-இல் மிச்சம் 36.8, தடவைக்குச் சுமார் 5.4.

ஒரு நோயாளியின் தாள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலக்குடலின் டி2சிசி முதல் தடவை 3.8, இரண்டாவது 4.2, மூன்றாவது 5.6, நான்காவது 3.6. மாற்றினால் 5.2, 6.0, 9.6, 4.8. கூட்டினால் 25.6, வெளிக் கரண்டோடு 68.8. அந்த மூன்றாவது நாளும் 4 கிரேயாக இருந்திருந்தால் மொத்தம் 64.8-இல் நின்றிருக்கும். ஒரே ஒரு நாள் பேக்கிங் சரியாக அமையவில்லை, அல்லது மலக்குடலில் காற்று நின்றது. இலக்கு கைவிட்டுப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அதிகம் கதிர் படுவது அதே 2 சிசிதான் என்று எடுத்துக்கொண்டு இப்படிக் கூட்டுகிறோம். இடம் மாறியிருந்தால் உண்மை இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது.

முதல் நாள் போட்ட பிளானையே மற்ற நாட்களுக்கும் ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லாத பழக்கம். கருவியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி வைக்கும்போது துணி வேறு, கோணம் வேறு, குடல் வேறு இடத்தில். கூட்டம் அதிகம், சிடி மிஷின் ஒன்றுதான் என்ற நெருக்கடி புரிகிறது. பிளானை மாற்ற நேரமில்லாவிட்டாலும் படமாவது எடுத்து, பழைய பிளான் இன்றைய மலக்குடலுக்கு எவ்வளவு தருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும்.

நம் நாட்டில் 9 கிரே வீதம் இரண்டே தடவையில் முடிக்கும் முறையும் பரவலாக இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து வருபவருக்கு இரண்டு பயணம், இரண்டு மயக்க ஊசி மிச்சம். அது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு நாள் சரியில்லாமல் போனால் ஈடுகட்ட இன்னொரு நாள்தான் இருக்கிறது. மலக்குடல் ஒரு தடவையில் 6.3 கிரே வாங்கினால் 11.7, இரண்டு தடவைக்கு 23.4. வெளியில் 25 நாளில் 50 கிரே வைத்திருந்தால் மொத்தம் 73.4, விளிம்புக்கு வந்துவிட்டோம். இந்த முறையில் பேக்கிங்குக்கு மன்னிப்பே கிடையாது.

சிறுநீர்ப்பை விஷயத்தில் ஒரே சீராக இருப்பதுதான் வைத்தியம். காலியாக இருந்தால் சிறுகுடலும் சிக்மாய்டும் கீழே இறங்கி டேண்டமைத் தொடும். முட்ட நிரம்பினால் குடல் மேலே போகும், ஆனால் சிறுநீர்ப்பையின் சுவரே சோர்ஸ் பக்கம் விரியும். அதனால் முழுக்க வடித்துவிட்டு, 50 அல்லது 100 மில்லி சலைன் ஏற்றி, குழாயைக் கிளாம்ப் போட்டு சிடி எடுப்பார்கள். அளவு எதுவாக இருந்தாலும், சிகிச்சைக்கு முன் அதே அளவை மறுபடி ஏற்ற வேண்டும். தவறுவது இங்கேதான்: சிடி முடிந்து ட்ராலியில் மாற்றும்போது கிளாம்பைத் திறந்துவிடுவார்கள், சிகிச்சை நேரத்தில் யாரும் திரும்ப ஏற்ற மாட்டார்கள். பிளானில் பார்த்த சிறுநீர்ப்பை வேறு, கதிர் வாங்கிய சிறுநீர்ப்பை வேறு.

மலக்குடலுக்கு எதிரி காற்று. காற்று நிறைந்த மலக்குடல் பந்துபோல உப்பி, அதன் முன்சுவர் நேரே துணியின்மேல் வந்து சாயும். இந்த இடத்தில் வீட்டாரால் நேரடியாக உதவ முடியும். இரண்டு நாளைக்கு முன்பிருந்தே மொச்சை, கொண்டைக்கடலை, கிழங்கு வகை, முட்டைகோஸ், முளைகட்டிய பயறு, கீரை வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் பலா சீசனில் சுளையும் பலாக்கொட்டைக் குழம்பும் இல்லாத வீடு இருக்காது. சிகிச்சை முடியும்வரை அம்மாவுக்கு மட்டும் அதை நிறுத்திவையுங்கள். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், மோர் சாதம் போதும். சோடா வேண்டாம். காலையில் எனிமா கொடுப்பார்கள். வெளிக் கரண்டின் விளைவாக ஏற்கெனவே வயிற்றுப்போக்கு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். அப்போது எனிமா தேவையா என்பதை டாக்டர் முடிவுசெய்வார். மயக்க ஊசிக்காக வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பதால், தொலைவிலிருந்து வருபவர்கள் முதல் பஸ்ஸை நம்பாமல் முந்தின இரவே புதுச்சேரியில் தங்குவது நல்லது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை பற்றி முந்தின வாரமே கேட்டுவிடுங்கள்.

சிடியில் காற்று தெரிந்தால் ஒரு மெல்லிய ஃபிளாட்டஸ் குழாய் போட்டு வெளியேற்றிவிட்டு மறுபடி படம் எடுக்கலாம். பத்து நிமிட வேலை. சிடிக்கும் சிகிச்சைக்கும் நடுவே பிளான் போட ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் மறுபடி சேரலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த நேரத்தில் நோயாளி மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும். "அம்மா, எழுந்து உட்கார்ந்துடாதீங்க, முதுகு வலிச்சா சொல்லுங்க, ஊசி போடுறோம்" என்று துணைக்கு இருப்பவர் முன்னாலேயே சொல்லிவைப்பது நல்லது. உட்கார்ந்தால் கருவி கீழே இறங்கும். இதைக் கண்டுபிடிக்க, துடையில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, அங்கிருந்து கருவியின் வெளி நுனிவரை அளந்து எழுதிவைத்து, சோர்ஸ் இணைப்பதற்கு முன் மறுபடி அளக்க வேண்டும். சில மில்லிமீட்டர் மாறியிருந்தாலும் மறுபடி படம்.

சிக்மாய்டு கதை வேறு. அது ஒரு இடத்தில் நிற்பதில்லை. துணியாலும் தள்ள முடியாது. டேண்டமின் நுனிக்கு மேலே வந்து விழும். கட்டி கர்ப்பப்பை வாயோடு நின்றுவிட்டால், டேண்டமின் நுனியில் சோர்ஸ் நிற்கும் இடங்களை வெட்டிவிடலாம். கட்டிக்கு நஷ்டமில்லை, சிக்மாய்டு தப்பிக்கும். இதைச் செய்யாமல் டேண்டம் முழுக்க நொடிகளை ஏற்றுவது வெறும் பழக்க தோஷம்.

டேண்டம் கருப்பையைத் துளைத்து வெளியே போய்விடுவதும் உண்டு. ஐந்து வாரக் கரண்டுக்குப் பிறகு கர்ப்பப்பை வாயின் துளை மூடிப்போயிருக்கும், திசு மெத்தென்று இருக்கும், கருப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கும். வயதானவர்களுக்கு இது எளிதில் நடக்கும். வயிற்றின்மேல் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துக்கொண்டே செருகினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். சிடியில் நுனி வெளியே தெரிந்தால் அன்று அந்த நிலையில் கதிர் கொடுக்கக் கூடாது. நுனி குடலின்மேல் நிற்கலாம். எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கொடுத்து, சரியாக வைத்துத்தான் தொடர வேண்டும். முழுச் சிகிச்சையும் தொடக்க நாளிலிருந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பதால் அதிக நாள் தள்ளவும் முடியாது.

கருவியறையில் நடக்கும் தப்புகள் அரிது, நடந்தால் பெரிது. கருவியையும் சோர்ஸ் பெட்டியையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் குழாய்களில் எண் இருக்கும். இடது ஓவாய்டின் குழாயை வலதில் மாட்டினால் இடப்பக்கத்துக்குரிய டோஸ் வலப்பக்கம் போகும். குழாயின் நீளத்தை 1 செ.மீ. தவறாகக் கணினியில் கொடுத்தால் சோர்ஸ் 1 செ.மீ. கீழே நிற்கும்: கட்டி தப்பும், யோனியும் மலக்குடலும் மாட்டும். ஒருவர் மாட்டி, இன்னொருவர் வாய்விட்டு எண்ணைப் படித்துச் சரிபார்ப்பதுதான் இதற்கு மருந்து. இரிடியத்தின் அரை ஆயுள் 74 நாள். தினம் ஏறத்தாழ 1 சதவீதம் வலு குறைந்துகொண்டே போகும். அதனால் இரண்டரை மாதம் முன்பு வந்த இன்னொரு அம்மாவுக்கு 6 நிமிடமும் இன்று நம் அம்மாவுக்கு 12 நிமிடமும் ஆனால் கலங்க வேண்டாம். சோர்ஸ் பழையதானால் நேரம் நீளும், டோஸ் அதேதான்.

மலக்குடல் எண்ணைக் குறைப்பதற்காகக் கட்டியின் டோஸைக் குறைக்கும் சோதனை எல்லோருக்கும் வரும். தாளில் எல்லா வரம்பும் பச்சையாகத் தெரியும். ஆனால் கட்டி திரும்ப வந்தால் அதைவிடக் கொடிய பக்கவிளைவு வேறில்லை. பக்கவாட்டில் பரவிய பெரிய கட்டிக்கு டேண்டமும் ஓவாய்டும் மட்டும் எட்டாது. ஊசிகளையும் சேர்த்துச் செருகி, டோஸைக் கட்டி இருக்கும் பக்கம் இழுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்திலிருந்து வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. கோரிமேட்டில் ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையம் இருப்பதால் இந்தப் பக்கத்து மக்களுக்குச் சென்னை வரை ஓட வேண்டிய கட்டாயமும் குறைவு.

யோனியையும் ஒரு உறுப்பாகக் கணக்கில் வைக்கப் பல பேர் மறக்கிறார்கள். கருவியைத் தொட்டுக்கொண்டிருப்பது அதுதான். அதிகம் வாங்குவதும் அதுதான். சில மாதத்தில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு டாக்டர் உள்பரிசோதனை செய்வதற்கே வழியிருக்காது. எனவே புண் ஆறியதும், பெரும்பாலும் நாலு வாரம் கழித்து, யோனி ஒட்டிக்கொள்ளாமல் விரித்துவைக்கும் டைலேட்டர் என்ற கருவியை வாரம் இரண்டு மூன்று தடவை பயன்படுத்தச் சொல்வார்கள். கணவர் இல்லாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது தேவைதான். கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல் விடும் பணியாளர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

சிகிச்சை முடிந்த அன்று வாங்கும் தாளில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: வெளிக் கரண்ட் எத்தனை கிரே, எத்தனை நாள், உள்ளே எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்தெந்தத் தேதி, மலக்குடல், சிறுநீர்ப்பை, சிக்மாய்டு மூன்றின் டி2சிசி மொத்தம். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். மூன்று ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள்.

அது தேவைப்படும் நாள் இப்படி வரும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் மலத்தோடு ரத்தம் தெரியும். கடலூரிலோ நெய்வேலியிலோ பக்கத்து டாக்டரிடம் போவீர்கள். மூலம் என்று மாத்திரை கொடுப்பார், அல்லது கேமரா விட்டுப் பார்க்கச் சொல்வார். கேமராவில் மலக்குடலின் முன்சுவரில் சிவந்த ரத்தநாளங்களோ சிறு புண்ணோ தெரியும். சந்தேகத்துக்கு ஒரு துணுக்கு வெட்டி பயாப்சி அனுப்புவது மற்ற இடங்களில் நியாயமான பழக்கம். கதிர் வாங்கிய இந்த இடத்தில் அந்த வெட்டுக் காயம் ஆறாமல் யோனிக்கும் மலக்குடலுக்கும் நடுவே துளையாகிவிடலாம். சுக்ரால்ஃபேட் எனிமா, ஆர்கான் பிளாஸ்மா வைத்துச் சுடுவது என்று துணுக்கு எடுக்காமலே செய்யும் வைத்தியங்கள் இருக்கின்றன. ஆகவே கேமராவுக்கு முன்பே அந்தத் தாளை டாக்டர் கையில் கொடுத்து, "உள்ளே கரண்ட் வெச்சிருக்கு சார், மலக்குடலுக்கு 68 கிரே போயிருக்கு, பயாப்சி எடுக்கிறதுக்கு முன்னாடி கரண்ட் வெச்ச ஆஸ்பத்திரியிலே ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்று சொல்லுங்கள். யோனி வழியே மூத்திரமோ மலமோ கசிந்தால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே கிளம்பி வாருங்கள்.